கடல் இல்லாத ஊரில் ஒரு கடற்குதிரை

ஓபி சீட்டின் பின்பக்கம்
டாக்டர் நஸ்ரீன் ஒரு படம் வரைந்தார்.
கூன் முதுகு, சுருண்ட வால்.
கடற்குதிரை மாதிரி இருக்கும் என்றார்,
காதுக்கு உள்பக்கமாய், இந்தப் பக்கம் ஒன்று
அந்தப் பக்கம் ஒன்று,
உங்கள் தலைக்குள்ளும், அர்த்தனாரி.

நான் சேலத்தான்.
கடலைப் பார்த்தது மொத்தம் இரண்டு தடவை.
இரண்டும் யூனியன் மாநாட்டுக்குப் போனபோது.

பதினெட்டு வருஷம் ஏற்காடு ரூட்.
ஏறி இறங்கி மூன்று நடை,
நாளுக்கு நூற்றிருபது கொண்டை ஊசித் திருப்பம்.
எதிரே லாரி மூக்கை நீட்டினால் நெஞ்சு ஒரு தரம் துள்ளும்,
உள்ளங்கை ஜில்லிடும்,
ஒதுங்கிப் போனதும் அடங்கிவிடும்.
அதற்குப் பெயர் பயம்.
எனக்குச் சோறு போட்டதே அதுதான்.

அடங்காதது அப்புறம் வந்தது.
டீசல் கூடுதலாய்க் குடித்ததற்கு மெமோ.
ஆயிரம் அடியில் புழுதி மட்டும் கக்கிய போர்வெல்லுக்குச்
செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிய கடன்.
டிப்போ வாசலில் பைக்கில் சாய்ந்து
ஒன்றும் பேசாமல் பல் குத்திக்கொண்டிருக்கும் ஆள்.
லாரி ஒதுங்கிப் போகும். அவன் போகமாட்டான்.
அவன் வராத நாளிலும்
அங்கேதான் நிற்பான்.

ராத்திரி மூன்று மணிக்குக் கோரிமேட்டு வீட்டில்
மல்லாந்து படுத்தபடி
வலது காலால் பாயை மிதித்துக்கொண்டே இருப்பேனாம்.
"வீடு எங்கியும் உருண்டு போயிடாது,
காலை எடு" என்பாள் பாப்பாத்தி.

அவசரத்துக்கு உடம்பு கார்டிசால் அனுப்பும்,
சிறுநீரகத்தின் தலையில் குல்லாய் மாதிரி
இருக்கிற சுரப்பியிலிருந்து, என்றார் டாக்டர்.
போதும் நிறுத்து என்று சொல்வதில்
இந்தக் குதிரைக்கும் பங்கு உண்டு.
வருஷக்கணக்கில் அதிலேயே ஊறினால் குதிரை மெலியும்.
மெலிந்த குதிரையின் பேச்சு எடுபடாது.
இன்னும் சுரக்கும். இன்னும் மெலியும்.

லைனிங் மேடம், என்றேன்.
இறக்கத்தில் கியரில் விடாமல்
பிரேக்கையே கடித்துப் பிடித்தால்
முதலில் தீயும் வாடை,
பிறகு மிதி மெத்தென்று உள்ளே போகும்.
மிதிப்போம். பிடிக்காது.
பேனாவை வைத்துவிட்டு
அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

நான் அழவில்லை.
அழுதிருந்தால் பாப்பாத்திக்கு
அக்கம்பக்கத்தில் சொல்ல ஒரு பெயர் கிடைத்திருக்கும்.
மேனேஜர் சோம்பேறி என்றார்.
மாமியார் கண் பட்டிருக்கிறது என்று கறுப்புக் கயிறு கட்டினாள்,
அதை இன்னும் கழற்றவில்லை.
மார்ச்சில் காபிப் பூ வாசம் ஜன்னல் வழி வந்தது.
"பூத்துருச்சு பாருண்ணே" என்றான் கண்டக்டர் இருதயராஜ்.
மூக்கு வரை வந்தது,
என்னிடம் வந்து சேரவில்லை.

ஒண்டிக்கடையில் இரட்டை விசில் கேட்டும்
ஒருநாள் வண்டியை எடுக்கவில்லை.
எதற்கு எடுக்க வேண்டும் என்று
யோசித்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கே இறக்கத்தில்
தடுப்புச்சுவர் உடைந்த ஒரு வளைவு
எனக்கு வைத்த ஸ்டாப்பிங் போலத் தெரிந்தது.
உள்ளே ஐம்பத்திரண்டு பேர்.
ஓரம் கட்டினேன்.
சக்கரத்துக்குக் கல் வைத்தேன்.
சாவியை இருதயராஜ் கையில் கொடுத்து
"என்னால ஆகலடா" என்றேன்.
அவன் ஒன்றும் கேட்கவில்லை.
குரங்கு ஒன்று எங்கள் இருவரையும்
மாறி மாறிப் பார்த்தது.

இப்போது மாத்திரை. டயர் செக்‌ஷனில் வேலை.
வட்டிக்காரன் அதே வாசலில், அதே குச்சியோடு.
குதிரை திரும்ப வளருமா என்று கேட்டேன்.
கிளை விடும், மெதுவாக,
பழையபடி முழுசாக என்று சொல்லமாட்டேன்,
என்றார். அந்த நேர்மை பிடித்திருந்தது.
கடற்குதிரைக்கு நீச்சல் சரியாக வராதாம்,
வாலால் புல்லைப் பிடித்துக்கொண்டு நிற்குமாம்.
மகன் போனில் தேடிக் காட்டினான்.

போன ஞாயிறு டிக்கெட் எடுத்து மேலே போனேன்.
பின் சீட்டு. ஓட்டுகிறவன் புதுப் பையன்.
திரும்பி இறங்கும்போது இரண்டாம் கியரில் விட்டான்.
ஒவ்வொரு திருப்பத்திலும்
என் வலது கால் தரையை மிதித்தது.
ஒன்பதாம் வளைவில் மிதிக்க மறந்துபோனது.
எட்டில்
மறுபடி மிதித்தது.